மாப்பிள்ளை வாங்கிய இடக்கை மவுஸ்

கண்ணாடிக் கதவுக்குள்ளே ஏழு வண்ணத்தில் விளக்கு மின்னுகிற கம்ப்யூட்டர் கேபினட்டை ஒருவன் வேண்டாம் என்று சொன்னால், அவனிடம் ஏதோ வில்லங்கம் இருக்கிறது. இதை நான் ஆக்னஸ் அக்காவின் காதில் ஓதினேன். அக்கா என் காலை மிதித்தார். வாயை மூடு என்று அர்த்தம்.

அம்பத்தூர் ஓ.டி.யில், ரவிச்சந்திரனின் கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடை. சனிக்கிழமை காலை. வந்ததிலிருந்து நாங்கள் இருவரும் ஒரே ஒரு பென்டிரைவைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களுக்குப் பக்கத்தில் நின்று கேபினட்டை நிராகரித்தவன்தான் நாங்கள் பின்தொடரும் ஆள், நிர்மல். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். வேலை ஐ.டி.யில். ஐயப்பன்தாங்கல் டிப்போவுக்குப் பின்னால் ஒரு ஃப்ளாட்டில் ஜாகை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு நிச்சயதார்த்தம்.

அந்த நிச்சயதார்த்தம் நடக்குமா, நிற்குமா என்பதுதான் கேஸ்.

ஆக்னஸ் அக்கா கொரட்டூரில் துப்பறியும் நிலையம் நடத்துகிறார். கொலை, கொள்ளை எல்லாம் எங்கள் படியேறுவதே இல்லை. வருவதெல்லாம் மாப்பிள்ளை விசாரணை. பையன் குடிப்பானா, மேனேஜர் என்று சொன்னவன் நிஜமாகவே மேனேஜர்தானா, தலையில் இருப்பது சொந்த முடியா, இதுதான் எங்கள் பிழைப்பு. நான் தமிழரசு, அவருடைய உதவியாளன். மூளையைச் செலவழிப்பது அவர், வாயைச் செலவழிப்பது நான்.

கேஸ் கொடுத்தவர் பெண்ணின் அப்பா ஜெயராமன். கோவில்பதாகையில் மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வால்வு கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டையர் ஆனவர். முந்தின நாள் எங்கள் ஆபீசுக்கு வந்து, மாப்பிள்ளையின் போட்டோவை இடது கையால் நீட்டினார். நீட்டியவர் நாக்கைக் கடித்துக்கொண்டு வலது கைக்கு மாற்றிக் கொடுத்தார்.

"அந்தப் பையன் ரகசியமா ஒரு கேமிங் கம்ப்யூட்டர் கட்டிகினு கீறாம்மா. அவனுக்கு இல்ல, வேற யாருக்கோ. அது யாருக்குன்னு எனக்குத் தெரியணும்."

"உங்களுக்கு யார் சொன்னாங்க?" என்று அக்கா கேட்டார்.

"நம்பிக்கையான இடம்."

"யார் மேல சந்தேகம்?"

"நிலான்னு ஒருத்தி கீறா."

"அந்தப் பேர் எங்க கெடச்சுது?"

"அதுவும் அதே இடந்தான்." அவர் மேற்கொண்டு கேள்வி வராமலிருக்க அவசரமாகப் பேசினார். "கம்ப்யூட்டர்ல எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. ராவுல பிரசங்கம் கேப்பேன், அவ்ளோதான். ஆனா எம் பொண்ணு அகல்யாவுக்கு அவன ரொம்பப் புடிச்சுப் போச்சு. அவன் வேற எவளுக்கோ வாங்கித் தர்றான்னு தெரிஞ்சா நாளன்னிக்கு நிச்சயம் கெடையாது. பொண்ணு மூஞ்சப் பாக்கவே முடியல."

சொல்லிவிட்டு அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அக்கா கேஸை எடுத்துக்கொண்டார்.

இப்போது கடைக்கு வருவோம்.

"லைட் இல்லாத கேபினட் எதுக்கு சார்? டேபிளுக்குக் கீழ ட்ரங்குப் பொட்டி வெச்ச மாரி இருக்கும்" என்றார் ரவிச்சந்திரன்.

"அண்ணாச்சி, ஒரு பொட்டு வெளிச்சம் கதவு இடுக்குல தெரியப்படாது. ஃபேன் சத்தமும் கேக்கப்படாது. பக்கத்து ரூம்ல ஆளு தூங்கும்லா" என்றான் நிர்மல்.

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா பென்டிரைவைப் பார்த்தார்.

மற்றபடி பையன் கெட்டிக்காரன். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இப்படி ஒரு கம்ப்யூட்டர் வாங்க வேண்டும் என்று நான் கனவு கண்டுகொண்டிருப்பது எங்கள் தெரு நாய்க்குக்கூடத் தெரியும், அதனால் எனக்கு இதெல்லாம் அத்துப்படி. பட்ஜெட் கம்மியாக இருக்கிறவன் புத்தம் புது கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஆசைப்படக் கூடாது. நிர்மல் போன வருடத்துக் கார்டை எடுத்தான். ப்ராசஸரில் ஜம்பம் காட்டாமல் நடுத்தரமாக ஒன்று. ரேம் ஒரே துண்டாக வாங்காமல் இரண்டு எட்டு ஜி.பி.யாக. எல்லாரும் கை வைத்து மிச்சம் பிடிக்கிற பவர் சப்ளையில் மட்டும் அவன் கஞ்சத்தனமே பண்ணவில்லை.

"அந்த ஏரியாவுல கரண்டு ஏறி எறங்கும் அண்ணாச்சி. வெடிச்சிரப்படாது" என்றான்.

எனக்குப் பொறாமையில் வயிறு எரிந்தது. அப்புறம்தான் அவன் கோட்டை விட்டான்.

"மானிட்டர் இருபத்தேழு இஞ்சு குடுங்க."

"இந்தக் கார்டுக்கு இருபத்தி நாலு போதும் சார். மிச்சத்தக் கார்டுல போடுங்க, ஆட்டம் பறக்கும்."

"ஆட்டம் பறக்காண்டாம், எதிரி கண்ணுக்குத் தெரியணும். மூக்குக்கு முன்னால வந்து நின்னாலும் ஆளுக்குத் தெரிய மாட்டேங்கு."

ரவிச்சந்திரன் தோளைக் குலுக்கிவிட்டு, மேஜைக்கு அடியிலிருந்து ஒரு சின்ன அட்டைப் பெட்டியை எடுத்தார். "நீங்க ஆர்டர் போட்டது வந்துருச்சு. இத்தன வருஷத்துல இந்தக் கடையில நான் விக்கிற மொத இடக்கை மவுஸ் இதான் சார்."

நிர்மல் அதை வலது கையால் வாங்கி, வலது கையால் பைக்குள் போட்டான்.

நாங்கள் வெளியே வந்தோம். நான் வெடித்தேன். "அக்கா, கேஸ் முடிஞ்சுது! லைட்டு கூடாது, சத்தம் கூடாது, பக்கத்து ரூம்ல ஆளு தூங்குது. அப்ப இன்னா அர்த்தம்? கல்யாணம் ஆன பொம்பள. புருசன் தூங்கச் சொல்ல இவன்கூட கேம் ஆடுது. பேரு நிலா. இடக்கை மவுஸு, ஆதாரம் ஆர்டர் போட்டே வந்துகினு கீது."

"ஒனக்கு எல்லாக் கேஸும் ஏன்டா பொம்பள கிட்டயே போயி நிக்குது?" என்றார் அக்கா.

"நமக்கு வர்ற கேஸெல்லாம் அங்கதான் நிக்குது. நான் இன்னா பண்ண?"

அக்கா ஜெயராமனுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். "சார், பையன் கடையிலதான் இருக்கான். வெளக்கு இல்லாத கேபினட், சத்தமில்லாத ஃபேன்." கார்டின் பெயரையும் ப்ராசஸரின் பெயரையும் நான் எடுத்துக் கொடுத்தேன், அக்கா சொன்னார்.

ஜெயராமன் பதறினார். "அந்தக் கார்டுக்கு அந்த ப்ராசஸரா? ஈடு குடுக்குமா? பாட்டில்நெக் ஆயிடப் போவுதும்மா!"

அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன்.

ஜெயராமன் இருமினார். "அதாவது... அந்த மாரி யாரோ பேசிக்கினாங்க, பஸ்ஸுல. அத வுடும்மா. திருட்டுத்தனமா வாங்குறான்னா அது அந்த நிலாவுக்குத்தான். நான் இப்பவே அவங்க அப்பனுக்கு போன் போட்டு நிச்சயத்த நிறுத்தறேன்."

"நான் வந்து சொல்ற வரைக்கும் போனத் தொடாதீங்க."

"மதியம் வரைக்கும்தான் பாப்பேன். அதுக்கு மேல என்னால தாங்க முடியாது."

லைன் கட்டானது. "மானிட்டரையும் மவுசையும் நீ ஏங்க்கா சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா அவரு உஷாராயிடுவாரு" என்றார் அக்கா. எதற்கு உஷார் என்று கேட்பதற்குள் நிர்மல் பெட்டிகளோடு ஆட்டோவில் ஏறிவிட்டான்.

அக்காவின் ஸ்கூட்டரில் நான் பின்னால் உட்கார்ந்தேன். வலது பக்கம் திரும்பப் போகிறோம் என்று அக்கா ஒருபோதும் கை காட்ட மாட்டார், கடவுளிடம் மட்டும் சொல்லிவிட்டுத் திரும்புவார். திருமுல்லைவாயல் தாண்டினோம். ஆவடி தாண்டினோம். ஆட்டோ எங்கே போகிறது என்று புரியப் புரிய என் வாய் தானாக மூடிக்கொண்டது. அது கோவில்பதாகைக்குள் நுழைந்தது. நம் கட்சிக்காரர் ஜெயராமன் இருக்கிற அதே கோவில்பதாகை.

"இவன் இன்னாக்கா, மாமனார் ஊருலயே கடைய விரிக்கிறான்? இன்னா தில்லு கீது பாரேன்!"

ஏரிக்கரைப் பக்கம் ஒரு டீக்கடை. ஆட்டோ நின்றது. நாங்களும் நின்று, டீ கேட்டு, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தோம். நிர்மல் இறங்கி வந்து கடைக்காரம்மா கெங்கம்மாளிடம் விசாரித்தான்.

"யக்கா, இங்க சொர்ணம் ஹாஸ்டல் எங்க இருக்கு?"

"ஹாஸ்டலா? இந்தாண்ட ஹாஸ்டலே கெடையாது நைனா."

"இருக்குக்கா. ஆம்பளப் பயலுவ ஹாஸ்டல். சொர்ணம்னு ஒரு வார்டன். ரொம்ப கண்டிப்பாம். ராத்திரி லைட்டு எரிஞ்சா கதவத் தட்டி மானத்த வாங்கிருமாம். அங்க ஒரு காலேஜ் பையன் இருக்கான், பாவப்பட்ட பய. அவனப் பாக்கணும்."

காலேஜ் பையனாம்! என்னுடைய கல்யாணமான பொம்பளை அந்த இடத்திலேயே செத்துப் போனாள். நான் டீயை ஊதிக்கொண்டு அவமானத்தை மறைத்தேன்.

கெங்கம்மாள் யோசித்தார். "சொர்ணம்னா இந்தத் தெருவுல ஒருத்திதான் கீது. கண்டிப்புன்னா அப்பிடி ஒரு கண்டிப்பு. ஆனா அது ஹாஸ்டல் இல்ல நைனா, ஊடு. புருசன் ஒருத்தரத்தான் வெச்சு மேய்க்கிது. அதோ, அதே வந்துகினு கீது பாரு."

கீரைக் கட்டும் பையுமாக ஓர் அம்மாள் வந்துகொண்டிருந்தார். நிர்மல் திரும்பிப் பார்த்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

"அய்யய்ய, மாப்ளே!" என்று அந்த அம்மாள் கத்தினார். "வாங்க வாங்க! இன்னா இது, பொட்டி பொட்டியா? நாளிக்கித்தான நிச்சயம்? அதுவும் நாங்கதான பொண்ணு ஊடு, நாங்கதான சீரு குடுக்கணும்?"

ஜெயராமனின் மனைவியேதான். நிர்மலுக்கு அவர் இதுவரை வெறும் 'அத்தை'. மாமியாருக்கு ஒரு பெயர் இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிற மாப்பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. எனக்கும் எதுவும் உறைக்கவில்லை. ஆனால் பக்கத்தில் பெஞ்சு ஆடியது. திரும்பினால், ஆக்னஸ் அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். கண்ணில் தண்ணீர்.

"இன்னாக்கா ஆச்சு?"

"கேஸ் முடிஞ்சுதுடா தமிழு. எந்திரி. அந்த மனுஷன் போன் போட்றதுக்குள்ள போவணும்."

பெட்டிகள் ஜெயராமன் வீட்டுக் கூடத்தில் இறங்கின. நிர்மலை நாற்காலியில் உட்கார வைத்து சொர்ணம் அம்மாள் ஃபேனைப் போட்டார். உள்ளேயிருந்து அகல்யா எட்டிப் பார்த்துவிட்டு, தலையைச் சரிசெய்துகொண்டு மறுபடி எட்டிப் பார்த்தாள். அந்தப் பெண் அவனைப் பார்த்துச் சிரித்த சிரிப்பைக் கண்டதும், இந்தக் கல்யாணம் மட்டும் நின்றால் நாம் மனிதர்களே இல்லை என்று எனக்குத் தோன்றிவிட்டது.

"நீங்க யாரு?" என்று சொர்ணம் அம்மாள் எங்களைக் கேட்டார்.

"கடையிலர்ந்து வர்றோம்மா. கம்ப்யூட்டர மாட்டிக் குடுக்க" என்றார் அக்கா, கண் சிமிட்டாமல்.

"நான் ஆளு கேக்கலியே?" என்றான் நிர்மல்.

"ஃப்ரீ சர்வீஸ் தம்பி." அக்கா அதற்குள் பின்கட்டுக்குப் போய்விட்டார். நானும் ஓடினேன்.

துணி துவைக்கிற கல் பக்கத்தில் ஜெயராமன் நின்றிருந்தார். காதில் போன். "ரிங் போவுது" என்றார், செத்த குரலில்.

அக்கா அதைப் பிடுங்கி அணைத்தார். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். சொர்ணம் ஹாஸ்டல்ல உங்க ரூம் எது சார்?"

ஜெயராமன் துவைக்கிற கல்லின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கல் ஈரமாக இருந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"கம்ப்யூட்டரே தெரியாத ஆளு, பாட்டில்நெக்குன்னு பதறினீங்க" என்றார் அக்கா. "பொண்ணு கல்யாணத்த விட உங்களுக்கு அந்தக் கார்டு மேல கவல. அப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துது. மேல கேளுங்க. மானிட்டர் பெருசு, ஏன்னா ஆடற ஆளுக்கு வெள்ளெழுத்து, வயசாச்சு. வெளிச்சமும் சத்தமும் வரக் கூடாது, ஏன்னா பக்கத்து ரூம்ல சொர்ணம் தூங்குது. மவுஸு இடக்கைக்கு. நேத்து போட்டோவ எந்தக் கையால நீட்டினீங்கன்னு நான் பாத்தேன் சார். நீங்க தேடச் சொன்ன அந்த ஆளு நீங்கதான். அந்தப் பையன் உங்களுக்குத்தான் கம்ப்யூட்டர் வாங்கிகிட்டு வந்துருக்கான்."

"எனக்கா?" என்றார் ஜெயராமன். "எனக்கா?"

அப்புறம் எல்லாம் கொட்டிவிட்டது. ரிட்டையர் ஆன பிறகு பொழுது போகாமல் மகளின் பழைய கம்ப்யூட்டரில் துப்பாக்கி ஆட்டம் ஒன்றைக் கற்றுக்கொண்டிருக்கிறார். மனைவியிடம் பிரசங்கம் என்று சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொள்வார். நாலு பேர் கொண்ட அணியில் சேர்ந்தார். கிழவன் என்று தெரிந்தால் துரத்திவிடுவார்கள் என்று பத்தொன்பது வயது ஹாஸ்டல் பையன் வேஷம், பெயர் சிறுத்தைக்குட்டி. அதில் கோவில்பதாகையும் சொர்ணமும் இடக்கைப் பழக்கமும் மட்டும் நிஜம். மைக் ரிப்பேர் என்று சொல்லி வாயே திறக்காமல், எழுதி எழுதியே இரண்டு வருடம் ஓட்டிவிட்டார். அணித் தலைவன் ஒரு திருநெல்வேலிக்காரன்.

"பொண்ணு பாக்க வந்தன்னிக்கி, காப்பி நல்லாருக்கு அத்தைன்னான். அந்தக் கொரலக் கேட்டதும் எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. ராவான என்ன சவத்து மூதின்னு திட்ற கொரலும்மா அது! போன வாரம் அவன் டீம்ல சொன்னான், ஒருத்தருக்காக கம்ப்யூட்டர் கட்டிகினு கீறேன், யாருன்னு சொல்ல மாட்டேன்னு. டீம்ல நிலான்னு ஒண்ணு, வாயே தொறக்காது, எப்பப் பாத்தாலும் ஹார்ட்டு ஹார்ட்டா அனுப்பும். நான் வேற இன்னான்னு நெனப்பேன்?"

"இப்ப போயி உண்மையச் சொல்லிடுங்க."

"சொர்ணம் என்னத் தோல உரிச்சுடும்! அந்தப் பையன் மூஞ்சில நான் எப்டி முயிப்பேன்?" அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இடது கையால்தான். "உனக்குத் தெரியாதும்மா. வேலைய வுட்டு வந்த பின்னால, எனக்கோசரம் எவனும் காத்துகினு நின்னதில்ல. இவனுங்கதான், குட்டி வரட்டும், அப்பால ஆரம்பிக்கலாம்னு ஒக்காந்து கெடப்பானுங்க. நம்ம பொண்ணயே கட்டிக்கப் போறவன், நமக்கே வாங்கிகினு வந்துகீறான். எனக்கு அழுவ வருது."

எனக்கும் மூக்கில் நீர் வந்தது. சோப்பு நெடியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜெயராமன் திடீரென்று போனைத் திரும்ப வாங்கினார். இடது கட்டைவிரல் பறந்தது. இன்றைய பிள்ளைகள் பிச்சை வாங்க வேண்டும், அப்படி ஒரு வேகம். கூடத்தில் நிர்மலின் போன் மணியடித்தது. நாங்கள் உள்ளே போனபோது அவன் செய்தியை அகல்யாவுக்கு உரக்கப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தான்.

"'அண்ணா, நான் ஹாஸ்டலக் காலி பண்ணிட்டு ஊருக்குப் போறேன். இனிமே படிப்புதான் முக்கியம். எனக்காக எதாவது வாங்கி வெச்சிருந்தா அத உங்க வருங்கால மாமனாருக்குக் குடுத்துடுங்க. பெரியவங்க ஆசீர்வாதம் கெடைக்கும்.' பாருங்க, அந்தப் பயலுக்கு எப்படி மூக்குல வேர்த்துருக்குன்னு!" நிர்மலின் கண் கலங்கியிருந்தது. "என்ன ஒரு மனசு! ஆட்டத்துல கூறு கெட்டவன்தான், ஆனா தங்கமான பய."

ஜெயராமன் கூரையைப் பார்த்தார். ஆக்னஸ் அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"உங்க டீம்ல பொம்பளப் புள்ளைங்க உண்டா தம்பி?" என்று அக்கா அப்பாவியாகக் கேட்டார்.

"நிலான்னு ஒரு பேரு உண்டு. சிவகாசிக்காரன். மீச இந்தா தண்டி இருக்கும்."

ஜெயராமன் விட்ட பெருமூச்சில் சுவர்க் காலண்டர் ஆடியது. அந்த நிமிடம் கேஸ் சுபமாக முடிந்துவிட்டது. நாங்கள் கிளம்பியிருக்கலாம். ஆனால் பொய் சொன்னது சொன்னதுதானே, கம்ப்யூட்டரை மாட்டிக் கொடுத்தாக வேண்டும். மாட்டினேன். என் கனவை என் கையாலேயே இன்னொருவர் வீட்டில் முடுக்கினேன். சொர்ணம் அம்மாள் கேபினட்டுக்கு மூன்று இடத்தில் குங்குமம் வைத்தார். நாலாவதாக ஃபேன் ஓட்டைக்குள் விரலைக் கொண்டு போனவரை நான் பாய்ந்து தடுத்தேன்.

நிர்மல் மாமனாரை நாற்காலியில் உட்கார வைத்தான். "மாமா, பயப்படாதீங்க. இதுக்குப் பேரு மவுஸு."

"மவுஸா? ஓகோ" என்றார் ஜெயராமன்.

"இது இடது கைக்கு உள்ளது, உங்களுக்கு வராது. மாத்தித் தாறேன்."

"வேணாம் வேணாம்!" ஜெயராமன் மவுஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "பயகிக்கிறேன்."

சும்மா பார்த்தால் போதுமா, ஓட்டிப் பார்க்க வேண்டாமா என்று கேட்ட பாவி நான்தான். நிர்மல் தன் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். மாமனாருக்குப் புதுப் பெயரில் ஒரு கணக்கு தொடங்கினான். இருவரும் ஒரே ஆட்டத்தில் இறங்கினார்கள். ஜெயராமன் நடித்த நடிப்பைச் சொல்ல வேண்டும். சுவரில் முட்டினார். தண்ணீரில் விழுந்தார். துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடிப்பது எப்படி என்று கேட்டார். "பரவால்ல மாமா, போகப் போக வந்துரும்" என்று நிர்மல் தேன் ஒழுகச் சொன்னான்.

கூடத்தில் எல்லாரும் நின்று வேடிக்கை பார்த்தோம். சொர்ணம் அம்மாள் காபித் தட்டோடு வந்தார்.

அப்போது திரையில் எதிரிகள் சூழ்ந்தார்கள். நிர்மல் சுட்டுக்கொண்டே நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். ஜெயராமன் சும்மா சாகத்தான் நினைத்தார். ஆனால் அவ்வளவு பெரிய மானிட்டர், அவ்வளவு நல்ல மவுஸ். கை கேட்கவில்லை. குடுகுடுவென்று ஓடி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பதுங்கி, மூன்று தரம் எகிறிக் குதித்து, வலது பக்கம் இருந்தவனைப் போட்டுத் தள்ளினார். உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் அப்படிக் குதிப்பான் போலிருக்கிறது. நிர்மலுக்கு, தான் உட்கார்ந்திருப்பது மாமனார் வீடு என்பது மறந்தே போனது.

"ஏலே குட்டி! சவத்து மூதி! பின்னால பாருல!"

"சரிண்ணா!" என்றார் ஜெயராமன்.

சொர்ணம் அம்மாள் காபித் தட்டை டொக்கென்று கீழே வைத்தார். நிர்மல் மெல்லத் தலையைத் திருப்பினான். மாமனாரின் முகத்தைப் பார்த்தான். அவருடைய இடது கையைப் பார்த்தான். சொர்ணம் அம்மாளைப் பார்த்தான். வார்டன்.

"ரெண்டு வருஷமா... மாமா... உங்களயா நான்..." அவன் நாற்காலியிலிருந்து சரிந்து, மாமனாரின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"அப்ப ராவுல கேட்ட பிரசங்கமெல்லாம்?" என்றார் சொர்ணம் அம்மாள், மெதுவாக. அந்த மெதுவைக் கேட்டு நான் ஒரு அடி பின்னால் போனேன்.

அகல்யா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. ஜெயராமன் யாரையும் பார்க்கவில்லை. கண் திரையில், விரல் மவுஸில், குரல் ஊருக்கே கேட்டது.

"கால்ல அப்பால வுயலாம் மாப்ளே! மொதல்ல அந்த மொட்டமாடில கீறவன சுடு!"

தரையில் கிடந்தபடியே நிர்மல் கையை உயர்த்தி, லேப்டாப்பைத் துழாவிச் சுட்டான்.